இந்தப் பைக்குள் பிள்ளை கொள்ளுமா?

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் இறங்கி நின்றதும் என் கண் தானாக ஒரு மலையைத் தேடியது. நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். ஒரு மேடுகூட இல்லை. பனைமரங்கள், அவற்றுக்கு மேலே வானம், அதற்கும் மேலே வானம்.

நான் மலேசியாக்காரன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, அங்கேயே கொழுந்து நிறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, நரை கண்டவன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்மலை முகத்தில் இடிக்கும். வானம் என்பது தலைக்கு நேர் மேலே தெரியும் ஒரு துண்டு. இத்தனை பெரிய வானத்துக்கு அடியில் மனிதர்கள் எப்படிச் சாதாரணமாகக் காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று மலைத்து நின்றேன்.

"அப்பா, இந்த ஊருக்கு மூடியே இல்ல," என்றாள் என் இடுப்பில் இருந்த புவனா.

புவனாவுக்கு எட்டு வயது. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கால்களும் வலுவிழந்தன. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள். வெளியே போனால் யாராவது தூக்க வேண்டும்.

வருடக் கடைசியில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பின்மலை உச்சிக்கு ஏறுவார்கள். மேகத்துக்கு மேலே, பாசி படர்ந்த காடு. போன வருடம் புவனாவைக் கொழுந்துக் கூடையில் உட்கார வைத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு பெண்பிள்ளை கத்தினாள். புவனாவின் காலுறை ரத்தத்தில் நனைந்திருந்தது. கூடையின் விளிம்பு அறுத்திருக்கிறது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. "சொன்னா திரும்பிடுவீங்கன்னுதான்," என்றாள். திரும்பிவிட்டோம். நாங்கள் இறங்க இறங்க, மற்றப் பிள்ளைகளின் சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. 

எங்கள் பக்கம் மலையேற வரும் வெள்ளைக்காரர்கள் அலுமினியச் சட்டம் வைத்த பையில் குழந்தையை முதுகில் சுமந்து போவார்கள். அதே மாதிரி ஒன்றைக் கோலாலம்பூரில் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் புவனாவைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். அது மூன்று வயதுக்கு மேல் தாங்காதாம். எட்டு வயதுப் பிள்ளையை முதுகில் சுமப்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை.

"என் தம்பி ஏழுமலை பஸ் சீட் தைக்கிற கம்பெனியிலதானே இருக்கான். அவன் தைக்க மாட்டானா?" என்றாள் என் மனைவி. அவள் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவள். ஏழுமலையும் புது வீடு கட்டிவிட்டு வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தான். என் தாயாருக்கு உடம்பு முடியாததால் மனைவி வர முடியவில்லை. நானும் புவனாவும் வந்தோம்.

சென்னையிலிருந்து வந்த பஸ் பூந்தமல்லி தாண்டிப் பஞ்சரானது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். மூட்டையும் பிள்ளையுமாக நான் தடுமாறுவதைப் பார்த்த ஒரு பூக்கார அம்மாள், ஒரு வார்த்தை கேட்காமல் என்னிடமிருந்து புவனாவைப் பறித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இன்னா கண்ணு, இரும்புல காலு போட்டுகினு கீற? போலீஸ்காரியா நீ?" என்றாள். புவனா சிரித்துவிட்டாள். அந்த இடுப்பிலிருந்து ஒரு காலேஜ் பெண்ணின் இடுப்புக்கு, அங்கிருந்து கண்டக்டரின் தோளுக்கு. டயர் மாற்றி முடிப்பதற்குள் என் பிள்ளை பஸ்ஸில் பாதிப் பேரிடம் போய் வந்துவிட்டாள். எங்கள் ஊரில் அடுத்தவர் பிள்ளையைத் தொடுவதற்கு முன் நான்கு முறை யோசிப்பார்கள். இங்கே கேட்பதே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

ஏழுமலையின் வீடு கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவன் மனைவி கஸ்தூரி, "வாங்கண்ணா" என்று சொன்ன கையோடு புவனாவை வாங்கிக்கொண்டாள். அன்று இரவே விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை கேட்டுவிட்டு, "நீ மாடல் காட்டு மாமா, நான் தெச்சிடறேன். ஆனா ஆயுத பூஜைக்குள்ள முடிக்கணும். பூஜை போட்டுட்டா மிஷினத் தொட வுட மாட்டாங்க," என்றான். பூஜைக்குச் சில நாட்களே இருந்தன. பூஜை முடிந்து இரண்டாம் நாள் எங்களுக்கு விமானம்.

மறுநாள் காலை அவன் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். நான் தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்தேன். ஓட்டலில் இட்லிக்கு வடகறி வைத்தார்கள். அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. உடைத்த வடையைக் குழம்பில் போட்டுக் கறியைப் போல மணக்க வைத்திருக்கிறார்கள். இன்னொரு முறை கேட்க வெட்கப்பட்டு, இலையை மெதுவாக வழித்தேன். பக்கத்துக் கடையில் டீ. மாஸ்டர் ஒரு கையை வானத்துக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொண்டுபோய் ஆற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேயிலையோடு இருக்கிறேன், தேயிலைக்கு இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை.

கயிறு, முறம், கோணி விற்கும் ஒரு கடையின் முன்னால் ராணுவத்தில் கழித்துக் கட்டிய முதுகுப் பைகள் தொங்கின. தடித்த கித்தான் துணி, அகலமான தோள்பட்டை வார். தொட்டுப் பார்த்தேன். நல்ல உழைப்புத் துணி. கடையில் ஓர் அம்மாள் இருந்தாள். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. பெயர் ரோசம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அரிசி மூட்டை மேல் அவள் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு கொய்யா தின்றுகொண்டிருந்தாள். புவனாவின் வயது, புவனாவின் உயரம்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச்சு சரளமாக வராது. வீட்டிலிருந்தே வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். அன்று ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்து, பையைப் பிரித்துப் பிடித்து, அந்தப் பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை கண்ணால் அளந்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டேன்:

"இந்தப் பைக்குள்ள இந்தப் பிள்ளை கொள்ளுமா?"

ரோசம்மா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள். "இன்னா கேட்ட?"

"இல்ல, பிள்ளையை உள்ளே வெச்சா… தலை வெளியே தெரியுமான்னு."

அவ்வளவுதான். "அய்யய்யோ! புள்ள புடிக்கிறவன்! ஸ்டெல்லா, உள்ள ஓடுடி!" என்று ஒரு சத்தம். எதிர்க் கடை, பக்கத்துக் கடை, சைக்கிள் கடை, எல்லாம் காலி. என் சட்டைக் காலரை யாரோ பிடித்தார்கள்.

"எந்த ஊருடா நீ?"

"மலேசியா."

"ஏன், அங்க புள்ளைங்க தீந்துபோச்சா?"

"இல்லீங்க. மலைக்குத் தூக்கிட்டுப் போக…"

"மலைக்கா? கேட்டீங்களாய்யா, மலைக்குத் தூக்கினு போவானாம்!"

"பலி குடுக்கத்தான்! எங்கியோ பாலம் கட்றானுங்க."

"சாக்குப் பையக்கூட காசு குடுத்து வாங்க வந்தான் பாரு. ரொம்ப நேர்மையானவன்!"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வந்த ஒரே சொல், "ஏழுமலை." அதுவும் மலைதான் என்று இன்னொருவன் கத்தினான். நல்ல வேளையாக, எல்லோரும் நைனா என்று கூப்பிடும் சைக்கிள் கடைக்காரருக்கு ஏழுமலையைத் தெரியும். "சீட் கம்பெனி ஏழுமலையா? வூடு கிட்டக்கதான். இழுத்துகினு போய்க் கேட்ருவோம்," என்றார்.

ஊர்வலம் கிளம்பியது. நடுவில் நான். கோயில் தெருவில் திரும்பும்போது மேலே பார்த்தேன். முந்தின நாள் பஸ் களைப்பில் அந்தக் கோபுரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மலையில்லாத ஊரில் மனிதன் கட்டி நிறுத்திய மலை. அடுக்கடுக்காகப் பொம்மைகள், அவற்றின் மேல் புறாக்கள், அதற்கு மேலே அந்தப் பெரிய வானம். அந்த நிலையிலும் என் கால் நின்றுவிட்டது. காலரைப் பிடித்திருந்தவர், "இன்னா சாமி தரிசனமா? நட," என்று தள்ளினார்.

ஏழுமலை வீட்டு வாசற்படியில் புவனா உட்கார்ந்து, கஸ்தூரி பிசைந்து கொடுத்த சோற்றைத் தானே எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். பூட்ஸ் கால்களை முன்னால் நீட்டியிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் பயப்படவில்லை. முகம் மலர்ந்தது.

"அப்பா! இவங்க எல்லாரும் நம்மகூட மலைக்கு வராங்களா?"

காலரை விட்டது யார் கை என்று எனக்குத் தெரியாது.  ரோசம்மா புவனாவின் கால்களைப் பார்த்தாள், என் கையில் இன்னும் இருந்த பையைப் பார்த்தாள், மறுபடி கால்களைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, முன்பைவிடச் சத்தமாகத் திட்டினாள்.

"யோவ்! வாயத் தொறந்து எம் பொண்ணுக்குன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாயா? அடி வாங்கி செத்திருப்பியே!"

பிள்ளையைக் கேட்காமலே தூக்கிக்கொள்ளும் ஊர் அது. கேட்டதுதான் நான் செய்த பிழை.

அன்று மாலை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. காலையில் என்னைப் பிடித்து வந்தவர்கள் மாலையில் தாங்களாகவே வந்தார்கள். ரோசம்மா நான்கு முதுகுப் பைகளோடு வந்தாள். சைக்கிள் கடை நைனா, சைக்கிளில் குழந்தையை வைத்துப் போகும் பிரம்பு சீட் ஒன்றைக் கொண்டு வந்தார். ஏழுமலை ஷிஃப்ட் முடிந்து நுரைப்பஞ்சும் ரெக்சின் துண்டுகளும் எடுத்து வந்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"பை வேணாம்யா, காலு உள்ள மடங்கிடும்."

"பிரம்பு சீட்ல உக்கார வெச்சி, பையோட வார மட்டும் அறுத்து அதுல தெச்சா?"

"வெளிம்பு அறுக்கும்."

"அதுக்குத்தான் நுரை கீதே, கண்ணு தெரியலியா உனக்கு?"

"இடுப்புக்கு ஒரு பட்டை குடு ஏழுமலை. வெறும் தோள்ல மாட்டுனா மன்சன் மலை மேலயே படுத்துடுவான்."

அடுத்த மூன்று மாலைகளும் இப்படியே. அளவு பார்க்க ஒரு பிள்ளை தேவைப்பட்டது. புவனாவை அடிக்கடி ஏற்றி இறக்க எனக்கு மனமில்லை. ரோசம்மா யோசிக்காமல் ஸ்டெல்லாவைத் தூக்கி என் முதுகில் இருந்த சீட்டில் வைத்தாள். "தூக்கினு போயா, பாக்கலாம்," என்றாள். எந்தப் பிள்ளையைத் திருட வந்தேன் என்று பிடித்தார்களோ, அதே பிள்ளையைச் சுமந்துகொண்டு தெருக்கோடி வரை போய் வந்தேன். ஸ்டெல்லா என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேன், டாட்டா! புள்ள புடிக்கிற மாமா என்னத் தூக்கினு போறாரு!" என்று வீட்டுக்கு வீடு கையசைத்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்தத் தெருவில் அதுதான் பெயர். எட்டுத் திசைக்கும் கூச்சப்படுகிற நான், அந்தப் பெயருக்கு மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை கடைசித் தையலும் முடிந்தது.

ஏழுமலையின் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், பெங்களூர் சாலை ஓரத்தில் இருந்தது. மற்ற நாட்களில் வேலையாட்களைத் தவிர யாரையும் விடாத கேட் பூஜையன்று திறந்தே கிடந்தது. மனைவி, பிள்ளை, மாமியார், கைக்குழந்தை, எல்லோரும் உள்ளே. ஒவ்வொரு தையல் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு. எங்கள் தோட்டத்திலும் தராசுக்குப் பொட்டு வைப்போம். ஆனால் இத்தனை இரும்பு ஒரே இடத்தில் சாமியாக உட்கார்ந்திருப்பதை நான் கண்டதில்லை. வாசலில் பூசணிக்காயை உடைத்தார்கள். பொட்டலம் பொட்டலமாகப் பொரியும் கடலையும் வந்தன. ரோசம்மாவும் ஸ்டெல்லாவும் வந்திருந்தார்கள். "நீ வேதக்காரியாச்சே," என்று யாரோ சீண்ட, "பொரி இன்னாயா பண்ணுச்சி? அதுவும் ஞானஸ்நானம் வாங்கணுமா?" என்றாள்.

ஏழுமலை எங்கள் சீட்டைத் தன் மிஷின் பக்கத்தில் வைத்து அதற்கும் பொட்டு வைத்தான். கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லோரும் சுற்றி நின்றார்கள். புவனாவை உட்கார வைத்தோம். கால் இரண்டு பக்கமும் நுரை மேல் மெத்தென்று தொங்கியது. எழுந்து நின்றேன். சுமையே தெரியவில்லை. ஆயிரம் கூடைகளை நிறுத்துப் பார்த்த எனக்குத் தெரியும், எடை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மலையேறிவிடலாம். கை தட்டினார்கள்.

"எப்படி கண்ணு கீது?" என்றாள் ரோசம்மா.

புவனா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா அப்பாவோட கழுத்துதான் தெரியுது."

என் கழுத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"யார் தூக்குனாலும் கழுத்துதான் தெரியும். இல்லன்னா தோள். மலைக்குப் போனாலும் கழுத்துதானா?" அழுகையில்லை. கோபமுமில்லை. கேட்டாள். "திருப்பி வெக்க முடியாதா?"

 அத்தனை நாள் தோளைப் பற்றிப் பேசினோம், இடுப்பைப் பற்றி, விளிம்பைப் பற்றி. சுமக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். உட்காருகிறவளுக்கு என்ன தெரியும் என்று அவளைப் பெற்ற நானும் கேட்கவில்லை.

"திருப்பிப் போட்டா எடை பின்னால இழுக்கும், மாமா," என்றான் ஏழுமலை மெதுவாக. எனக்கும் அது தெரியும். "அதுவுமில்லாம வார மாத்தித் தெக்கணும். மிஷினுக்குப் பூஜ போட்டாச்சி."

"கையால தெய்யேன்," என்றாள் கஸ்தூரி.

"ஊசிக்கும்தான் பொட்டு வெச்சிகீது."

"அட, கட்டறதுக்கு இன்னாயா பொட்டு?" ரோசம்மா ஏழுமலையின் இடுப்பிலிருந்த புதுத் துண்டை உருவினாள். சைக்கிள் கடை நைனா தன் துண்டையும் அவிழ்த்தார். சீட்டைத் திருப்பி வைத்து, துண்டுகளால் இறுக்கி, மூன்று பேர் இழுத்துக் கட்டினார்கள். புவனாவின் முதுகு என் முதுகில் சாய்ந்தது. அவள் மூச்சு வாங்குவது என் தண்டுவடத்தில் தெரிந்தது. எழுந்தேன். பின்னால் இழுத்தது. ஒரு அடி தடுமாறி, முன்னால் குனிந்து நின்றேன்.

"முடியுமா மாமா? மலையாச்சே."

"ஏறிப் பாத்தாத்தான் தெரியும்," என்றேன். அந்த ஊரில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

ஏறுவதற்கு அங்கே மலை எங்கே இருக்கிறது? கம்பெனியின் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. உயரமான தூண்கள் மேல், சுற்றிச் சுற்றிப் போகும் சிமெண்டுப் படிக்கட்டோடு. வாட்ச்மேன் பொரி தின்றுகொண்டே, "கம்பியப் புடிச்சிகினு போ. நான் பாக்கல," என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஏழுமலை எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் ஏறி வந்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் படிகள். அடுத்த படி, அதற்கடுத்த படி, கம்பியைப் பிடித்த என் கை.  முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"அப்பா, ஸ்டெல்லா சின்னதாயிட்டா… அப்பா, லாரி எறும்பு மாதிரி போகுது… ஏழுமலை மாமா, உங்க தலையில நடுவுல முடியே இல்ல!"

"மேல பாரு கண்ணு, என் தலையப் பாக்காத," என்றான் ஏழுமலை, மூச்சு வாங்க.

உச்சிக்கு வந்ததும் ஊரைப் பார்க்கலாம் என்று திரும்பினேன். ஒரு கணம் எதுவோ வெள்ளியாக மின்னியது.

"அப்பா! திரும்புங்க! எனக்கு சுவர்தான் தெரியுது!"

உடனே திரும்பிக்கொண்டேன். தொட்டியின் சுவரைப் பார்த்தபடி நின்றேன். காரை பெயர்ந்த இடத்தில் ஓர் எறும்பு வரிசை போனது. காற்று அடித்தது. என் பின்னால் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் முதுகு மட்டும் என் முதுகில் ஏறி இறங்கியது. "என்ன தெரியுது?" என்று கேட்டேன். "இருங்கப்பா," என்றாள். நான் இருந்தேன். தோள் எரிந்தது. கீழே கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது என்று ஏழுமலை பிறகு சொன்னான்.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்குப் பிறகு போடும் முதல் தையல் ஒரு பஸ் சீட்டுக்குப் போக வேண்டியது; அது காத்திருந்தது. ஏழுமலை மிஷினைத் தொட்டுக் கும்பிட்டு, துண்டுகளை அவிழ்த்து, முதல் தையலாக எங்கள் வாரை மாற்றித் தைத்தான். துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது நைனா வாங்கவில்லை. "இடுப்புப் பட்டைக்குள்ள வெச்சித் தெச்சிரு. மலை எப்டி கீதுன்னு அதுவும் பாக்கட்டும்," என்றார். அது இன்னும் உள்ளே இருக்கிறது.

கிளம்பும்போது ரோசம்மா, "புள்ள புடிக்கிறவரே, பத்ரமாப் போ. இந்தப் புள்ளையாவது உன்னுதுன்னு ஏர்போர்ட்ல வாயத் தொறந்து சொல்லு," என்றாள்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பின்மலைக்குக் கிளம்பினார்கள். நானும் புவனாவும் வரிசைக்கு முன்னால் போனோம். அப்போதுதான் பின்னால் வருகிற எல்லோர் முகமும் அவளுக்குத் தெரியும். முன்னால் குனிந்து குனிந்து ஏறினேன். போன வருடம் திரும்பிய வளைவு வந்தது. கால்கள் அதைத் தாண்டின. பின்னால் அவளும் பிள்ளைகளும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். யாரோ வழுக்கினால் முதலில் சிரித்தது அவள்தான்.

உச்சியில் ஒன்றுமே தெரியவில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டது. காடு, பள்ளத்தாக்கு, தோட்டம், எல்லாம் வெள்ளை. பிள்ளைகளின் முகம் சுருங்கியது. இவ்வளவு ஏறியும் இதற்குத்தானா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"உக்காருங்க," என்றாள் புவனா. "நான் சொல்றேன். ஒரு ஊர் இருக்கு. அதுக்கு மூடியே இல்ல…"

பாசி படர்ந்த ஒரு மரத்தைப் பார்த்தபடி நான் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் பனியில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஏரிகளைச் சொன்னாள், மழை பெய்து நிறைந்த ஏரிகள், உடைந்த கண்ணாடி கொட்டிக் கிடந்ததைப் போல, ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று. நடுவே கோபுரம் ஒரு விரல் அளவு. நெல் வயலின் மேல் ஒரு மேகத்தின் நிழல் நடந்து போனதாம், சாலையை லாரிகளோடு சேர்ந்து அதுவும் தாண்டியதாம். கீழே பொரி சிந்தின மாதிரி மனிதர்கள். அத்தனை பேரும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்களாம்.

தொட்டியின் மேல் அன்று நான் எதைப் பார்க்காமல் நின்றேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் அசையவில்லை.